தொட்டிலுக்குக் கீழே கூட்டுகிற மெஷின்

தானாக வீடு கூட்டும் மெஷினை விற்கிற தொழிலில் வாயைவிடக் காதுக்குத்தான் வேலை அதிகம்; எனக்கோ வாயும் குறைவு, காதும் குறைவு.

ராஜபாளையத்தில் ஒரு வீட்டுச் சாமான் கடையில் இருக்கிறேன். மிக்ஸி, கிரைண்டர், ஃபேன் விற்ற கடைதான். இப்போது தாம்பாளத்தைக் கவிழ்த்த மாதிரி வட்டமாக, தரையோடு தரையாக ஊர்ந்துபோய்க் குப்பையை உறிஞ்சும் ரோபோ வாக்குவமும் வந்துவிட்டது. அதை வீடுகளுக்குக் கொண்டுபோய் ஓட்டிக் காட்டுவது என் பொறுப்பு. யாரும் சொல்லித் தரவில்லை. பெட்டியைப் பிரித்தேன், படங்களைப் பார்த்தேன், ஒன்றைக் கழற்றி மாட்டினேன், அவ்வளவுதான். அதற்கு முன்னால் நூற்பு மில்லில் ஃபிட்டராக இருந்தேன். அங்கே மெஷின்களின் தலைக்கு மேலே தண்டவாளத்தில் ஒரு கிளீனர் போய் வந்துகொண்டே இருக்கும். யானைத் துதிக்கை மாதிரி நீளக் குழாயைத் தொங்கவிட்டுக்கொண்டு, தரையில் உருளும் பஞ்சை உறிஞ்சியபடி, யாரையும் பார்க்காமல் போகும். ஆள் இல்லாமல் கூட்டுகிற சாமானைப் பார்த்தபடியே என் பாதி ஆயுள் போனது. என் மனைவி பாக்கியம் காலமான பிறகு, வீட்டில் சும்மா உட்கார முடியாமல் இந்தக் கடைக்கு வந்து சேர்ந்தேன்.

சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு இந்த மெஷினை வாங்கிவிட்டுத் திண்டாடுகிற நண்பர்களே, விற்றுவிட்டுத் திண்டாடியவன் நான். ஸ்ரீவில்லிபுத்தூர் செல்விக்குச் சத்தம் போடாத மெஷின் தேடிய கதையைச் சொல்கிறேன். உங்கள் வீட்டுக் கதையும் இதற்குள் எங்காவது இருக்கும்.

செல்வி கேட்ட மெஷின்

மலைப் பக்கம் மேகம் இறங்கி, மழையும் இல்லாமல் வெயிலும் இல்லாமல் கடைத் தெரு மங்கலாகக் கிடந்த ஒரு முற்பகலில் செல்வி வந்தாள். ஓர் அரசு அலுவலகத்தில் டைப்பிஸ்ட். வீட்டுக்காரருக்குத் திருப்பூரில் வேலை. மாதம் ஒரு முறை வந்து போவார். மூத்தவள் யாழினிக்கு மூன்று வயது. சின்னவன் மாறன் இப்போதுதான் தவழ ஆரம்பித்திருக்கிறான். பிரசவ லீவு மாதக் கடைசியோடு முடிகிறது. வீட்டுக்காரரின் அக்கா சரோஜா கூடவே இருக்கிறாள், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வாள். ஆனால் அவளுக்கு இளைப்பு நோய். தூசி பட்டால் மூச்சு வாங்கும், விளக்குமாற்றைத் தொடக்கூடாது.

தவழ்கிற பிள்ளை தரையில் கிடக்கிற எதையும் வாயில் போட்டுவிடுகிறான். போன வாரம் தொண்டை வரைக்கும் போன வேர்க்கடலையை விரலை விட்டு எடுத்தாளாம். அதைச் சொல்லும்போது செல்வி அந்த விரலை மற்றக் கையால் பிடித்துக்கொண்டாள். அவன் முழித்திருக்கும்போது தரை முழுக்க அவனுடையது. அதனால் அவன் தூங்கும்போதுதான் கூட்ட வேண்டும். தூங்குகிறவனோ ஊசி விழுந்தாலும் முழித்துக்கொள்கிறான். எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, அடுக்கி வைத்திருந்த பெட்டிகளைப் பார்த்தபடி சொன்னாள்: "சத்தமில்லாத மெஷின் கெடைச்சா வேலைக்குப் போவேன், இல்லைன்னா வேலைய விட்டுருவேன் அண்ணாச்சி."

எந்த டிபார்ட்மென்ட்?

கடையில் இருந்ததிலேயே பெரிய மெஷினை எடுத்து ஓட்டிக் காட்டினேன். கடைக்கு வெளியே தென்காசி பஸ்கள் ஆரன் அடித்துக்கொண்டு போயின. "சத்தமே இல்லம்மா" என்றேன். மனதார நம்பித்தான் சொன்னேன்.

அடுத்த நாள் மதியம் அவள் வீட்டுக்குக் கொண்டுபோனேன். கூடத்தில் உத்தரத்துக் கொக்கியில் இளநீலச் சேலைத் தொட்டில். உள்ளே மாறன், நெற்றுக்குள் பயறு மாதிரி. ஜன்னல் திரை மெதுவாக உப்பி மெதுவாக அமுங்கியது, வீடே மூச்சு விடுகிற மாதிரி. மெஷினைத் தட்டினேன். நான் வேலையை ஆரம்பிக்கிறேன் என்று அது ஒரு பெண் குரலில் இங்கிலீஷில் அறிவித்தது. தொட்டிலுக்குள் ஒரு கால் நெளிந்தது. மெஷின் மூலை முடுக்கெல்லாம் கூட்டிவிட்டு, சார்ஜ் ஏற்றிக்கொள்ளும் தன் நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கே அதன் வயிற்றுக் குப்பையை நிலையம் உறிஞ்சிக்கொள்ளும். உறிஞ்சியது. மாறன் வீறிட்டான். யாழினி காதைப் பொத்திக்கொண்டாள். செல்வி அடுக்களையிலிருந்து ஓடி வந்தாள்.

பிள்ளை எதற்கு அழுகிறான் என்று நான் சுற்றுமுற்றும் பார்த்தேன். ஒன்றும் விழவில்லை, யாரும் கதவைச் சாத்தவில்லை. சரோஜா என்னையே உற்றுப் பார்த்தாள். அவளும் மில்லில் வேலை பார்த்து, பஞ்சு ஒத்துக்கொள்ளாமல் வெளியே வந்தவள். மெதுவாகக் கேட்டாள்: "அண்ணாச்சி, நீங்க மில்லுல ஸ்பின்னிங்கா, வைண்டிங்கா?"

முத்துவின் சான்றிதழ்

ஸ்பின்னிங் இரைச்சலில் பாதி போன என் காதை நம்பிப் பிரயோசனம் இல்லை என்று ஆனபின், வேறு காது தேட வேண்டியதாயிற்று. அது ராஜபாளையத்திலேயே, கோதண்டம் ஐயா வீட்டில் கிடைத்தது. அவர் வீட்டு நாய் முத்து, நல்ல வெள்ளை. அதன் முடி கொட்டுகிறது என்று மெஷின் பார்க்க விரும்பினார். தானாகக் குப்பை கொட்டும் நிலையம் எதுவும் இல்லாத சின்ன மெஷின் ஒன்றைக் கொண்டுபோனேன். அதில் பேச்சையும் நிறுத்தி வைத்துக்கொள்ளலாம்.

கூடத்தில் சதுரமாக விழுந்த வெயிலில் முத்து முன்னங்கால் மேல் மூக்கை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. அதன் ரோஜா நிற மூக்கு கனவில் எதையோ மோந்து சுருங்கி விரிந்தது. மெஷின் அதன் வாலை ஒட்டிப் போனது, வயிற்றை ஒட்டித் திரும்பியது. முத்து காதைக்கூட அசைக்கவில்லை. நாய்க்கே கேட்காத சத்தம் பிள்ளைக்கு எப்படிக் கேட்கும்? அங்கேயே நின்று செல்விக்குப் போன் போட்டு, மெஷின் கிடைத்துவிட்டது என்று சொல்லிவிட்டேன். போனில் அவள் அழுகிற மாதிரி சிரித்தாள்.

பெட்டியைக் கட்டும்போது கோதண்டம் ஐயா முத்துவுக்குச் சோறு கொண்டுவந்தார். அதன் பக்கத்தில் போய்த் தரையில் காலால் ஓங்கித் தட்டினார். முத்து துள்ளி எழுந்தது. பாவம், பேர் சொல்லி எழுப்பலாமே என்றேன். அவர் சோற்றை வைத்துவிட்டு நிமிர்ந்தார்: "கூப்பிட்டா அதுக்குக் கேக்காது அண்ணாச்சி, பிறந்ததுல இருந்தே காது செவிடு, நம்மூரு வெள்ளை நாய்ல சிலது அப்படித்தான்."

வாசலைத் தாண்டியதும்

செல்வியிடம் சொன்னது சொன்னதுதானே. அந்தச் சின்ன மெஷினையே கொண்டுபோனேன். முத்துவின் சாட்சி பொய்த்தாலும் மெஷின் மோசமில்லை. அடங்கின ஓட்டம், கதவில் முட்டினாலும் மெத்தென்று முட்டும். அதில் ஒரு வசதி உண்டு. போனை எடுத்துக்கொண்டு ஆள் வெளியே போனதும், வீட்டில் ஆள் இல்லை என்று அதுவே புரிந்துகொண்டு கூட்ட ஆரம்பிக்கும். செல்வி போனில் அதை வைத்துக் கொடுத்தேன். பிள்ளையைத் தூங்கப் போட்டுவிட்டு, ஒத்திகை மாதிரி ஆபீஸ் கிளம்புவதுபோல ஒரு நாள் காலையில் கிளம்பினாள். தெருமுனை திரும்பியிருப்பாள். மெஷின் கண் விழித்து நகர்ந்தது.

சரோஜா எங்கிருந்துதான் ஓடி வந்தாளோ, அதைக் கரப்பானைப் போல மல்லாத்திப் போட்டாள். சக்கரங்கள் அந்தரத்தில் சுற்றின. ஆள் கிளம்பிப் போன கையோடு வீட்டைக் கூட்டுவார்களா என்றாள். குரலில் கோபத்தைவிடப் பயம்தான் அதிகம்.

எனக்கும் தெரியும். பாக்கியத்தைத் தூக்கிக்கொண்டு நாங்கள் தெருமுனை திரும்புவதற்குள், பின்னால் வீட்டைக் கூட்டிக் கழுவும் சத்தம் கேட்டது. அன்றைக்கு என் காது நன்றாகத்தான் கேட்டது. மில்லுக்கு நான் கிளம்பும் நாளெல்லாம், நான் போய் வெகு நேரம் கழித்துத்தான் அவள் விளக்குமாற்றை எடுப்பாள் என்று பக்கத்து வீட்டில் பின்னால் சொன்னார்கள். அப்படி ஒரு காத்திருப்பு தினமும் நடந்தது எனக்குத் தெரியவே தெரியாது. நான் குனிந்து மெஷினை நிமிர்த்தி, அந்த வசதியை எடுத்துவிட்டேன். சரோஜா மூச்சு வாங்கியபடி சொன்னாள்: "அவ சாயங்காலம் திரும்பி வரணும் அண்ணாச்சி."

மெஷினுக்குத் தூக்கம்

கிளம்பும் நேரம் வேண்டாம் என்றானபின், மதியச் சாப்பாட்டு நேரத்தை வைத்தோம். தெருவே அடங்கிக் கிடக்கிற நேரம். ஆனால் மாறன் அப்போதும் முழித்தான். மெஷின் பாதிக் கூடம் தாண்டுவதற்குள் தொட்டில் குலுங்கும். ஒரு நாள் இல்லை, தினமும். வேகத்தைக் குறைத்துப் பார்த்தேன். பீரோ காலுக்கும் கதவுக்கும் துணி சுற்றினேன். மாதக் கடைசி நெருங்கிக்கொண்டிருந்தது.

ஒரு நாள், மெஷின் செத்துப்போச்சு என்று சரோஜா போன் செய்தாள். போனேன். மெஷினைக் காணவே இல்லை. யாழினி ஒரு மூலையில் குத்தவைத்து எதையோ தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். அவளுடைய குளியல் துண்டு, அதன் மேல் ஒரு சின்னத் தலையணை, பக்கத்தில் வரிசையாக ஐந்தாறு பொரி. துண்டுக்கு அடியில் பச்சை விளக்கு மட்டும் மினுமினுத்தது. வெளிச்சம் துணி வழியாகக் கசிந்து அவள் விரல்களில் பட்டது. எடுக்கலாமா என்று நான் குனிந்தேன். அவள் உதட்டில் விரலை வைத்தாள்: "தாத்தா, சத்தம் போடாதீக, மெஷின் தம்பி தூங்குறான்."

ஆட்டுகிற மெஷின்

அதற்கு அடுத்த நாள்தான் அந்த அதிசயம் நடந்தது. மெஷின் மதியம் ஓடியது, மாறன் முழிக்கவில்லை. தொட்டில் தானாக ஆடிக்கொண்டிருந்தது. காற்று இல்லை, கை வைப்பார் இல்லை. நீலச் சேலை இப்படிப் போய் அப்படி வந்தது. நானும் செல்வியும் சரோஜாவும் சுவரோரம் நின்று, கோயிலில் நிற்பதுபோலப் பார்த்தோம்.

குனிந்து பார்த்த பிறகுதான் புரிந்தது. சேலையின் தலைப்பு தரை வரைக்கும் நழுவியிருந்தது. மெஷினின் ஓரத்துப் பிரஷ் அதைப் பிடித்து இழுத்தது, பின்வாங்கும்போது நழுவவிட்டது, மறுபடி இழுத்தது. பிரஷ் துணியைச் சுருட்டிக்கொண்டால் என்ன ஆவது? ஓடிப்போய் மெஷினை நிறுத்தி, தலைப்பை விடுவித்து, தொட்டிலின் முடிச்சோடு சேர்த்து ஊக்கு குத்தினேன். சின்னப் பிள்ளை வீட்டுக்காரர்கள் இதை மட்டும் மறக்க வேண்டாம்: தொங்குகிற துணி எதுவானாலும் முழங்கால் உயரத்துக்கு மேலே இருக்கட்டும். ஆட்டம் நின்றதும் மாறன் முழித்து அழுதான். செல்விக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. சரோஜாதான் பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு சொன்னாள்: "கூட்டவும் செஞ்சு, தொட்டிலும் ஆட்டுச்சுன்னா, பொறவு நான் எதுக்கு இந்த வீட்டுல, சோத்துக்கா?"

சுவருக்குப் பின்னால்

திங்கட்கிழமை செல்வி ஆபீசில் கையெழுத்துப் போட வேண்டும். சனிக்கிழமை கடைசியாக ஒரு முறை பார்த்துவிடலாம் என்று போனேன். சரோஜா தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள், செல்வி கொல்லையில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தாள், யாழினி அவள் காலடியில். தூங்குகிற பிள்ளைக்குக் காவலாக நான் மட்டும் கூடத்தில். மெஷினை இன்னும் தொடவில்லை. பின்சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தேன்.

முதுகில் ஏதோ மெல்ல அதிர்ந்தது. காதுக்கு எட்டவில்லை, எலும்புக்கு எட்டியது. மில் சுவரில் சாய்ந்த மாதிரி இருந்தது. கண் தானாகச் சொருகியது. ஸ்பின்னிங் ஓடும்போது தூணில் சாய்ந்து நின்றபடியே தூங்கிவிடுகிறவர்கள் உண்டு. கரண்ட் போய் எல்லா மெஷினும் அடங்கினால் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் திடுக்கிட்டு முழிப்பார்கள். பாதித் தூக்கத்தில் நான் மில்லுக்கே போய்விட்டேன். பஞ்சு பனி மாதிரி இறங்கிக்கொண்டிருந்தது. அப்போது முதுகில் அதிர்வு நின்றது. கண்ணைத் திறந்தேன். தொட்டில் விளிம்புக்கு மேலே இரண்டு கண்கள் என்னைப் பார்த்தன. மாறனும் முழித்துவிட்டான். மெஷின் தன் மூலையில், ஓடாமல், தேமேயென்று கிடந்தது.

தண்ணீர்க் குடத்தோடு வந்த சரோஜாவிடம் சுவருக்குப் பின்னால் என்ன என்று கேட்டேன். பால்கோவா போடுகிற இடமாம். கொப்பரையில் பாலைக் கிண்டுவதற்கு மோட்டார் வைத்திருக்கிறார்கள். காலையில் ஓட ஆரம்பித்தால் மதியச் சாப்பாட்டுக்குத்தான் நிறுத்துவார்கள். பிறந்து வீட்டுக்கு வந்த நாளிலிருந்து மாறன் அந்த முனகலில்தான் தூங்குகிறான். அது நிற்கிற நேரமாகப் பார்த்துத்தான் நாங்கள் தினமும் மெஷினை ஓட்டி, அதன் மேல் பழியைப் போட்டிருக்கிறோம். செல்வி வீட்டாருக்குப் பால் காய்கிற வாசனையும் தெரிவதில்லை, மோட்டார் சத்தமும் கேட்பதில்லை, பழகிவிட்டது. நான் சொல்லி முடித்ததும் செல்வி ஈரத் துணியோடு சுவரில் கன்னத்தை வைத்துப் பார்த்தாள். சரோஜா குடத்தை இறக்காமலே தொட்டிலைப் பார்த்துத் திரும்பினாள்: "ஏலே, பால்கோவா மோட்டாரா ஒனக்குத் தாலாட்டு, அப்போ இத்தனை நாளும் தொண்டை வத்தப் பாடுன நான் யாருலே?"

திங்கட்கிழமை

செல்வி கிளம்பிப் போய் நல்ல நேரம் கழித்து, கொப்பரை மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போதே கூட்டுகிற மாதிரி மாற்றி வைத்தேன். முதல் நாள் கூட இருக்கச் சொல்லிக் கேட்டிருந்தாள். இருந்தேன். மெஷின் தன் மூலையிலிருந்து ஊர்ந்து வந்தது. வேர்க்கடலைத் தோல், யாழினியின் பொரி, ஒரு பாசிமணி, எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு தொட்டிலுக்குக் கீழே போனது. சேலையின் நிழல் அதன் முதுகில் விழுந்து வழுக்கியது. சுவருக்குள் மோட்டார் முனகியது. மாறனின் ஒரு கை தொட்டிலுக்கு வெளியே தொங்கி, தண்ணீரில் கிடக்கிற இலை மாதிரி அசையாமல் இருந்தது. செல்வி போன் மேல் போன் செய்தாள். சரோஜா போனைத் தொட்டில் பக்கம் நீட்டி, பிள்ளை மூச்சுவிடுகிறதை அவளுக்குக் கேட்க வைத்தாள்.

மம்சாபுரத்தில் ஒரு கிரைண்டரைப் பார்த்துவிட்டு, ராஜபாளையம் பஸ்ஸைப் பிடிக்குமுன் சாயங்காலம் எட்டிப் பார்த்தேன். செல்வி அப்போதுதான் வேர்த்து விறுவிறுத்து வந்திருந்தாள். சுத்தமான தரையில் மாறன் தவழ்ந்துகொண்டிருந்தான். அம்மாவைத் திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டு, தன் வேலையைப் பார்க்கப் போனான். அழுதானா என்று கேட்டாள். இல்லை என்றாள் சரோஜா. பாதியில் முழித்தானா? இல்லை. இடையில் சிணுங்கினானா? இல்லவே இல்லை, ராசா மாதிரி தூங்கினான், எழுந்தான், சாப்பிட்டான் என்றாள். இத்தனை நாளும் செல்வி கேட்டுக்கொண்டிருந்தது இதைத்தான். ஆனால் அவள் கைப்பையைத் தோளிலிருந்து இறக்காமலே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டாள்: "ஒரு தடவை கூடவா என்னைத் தேடலை அண்ணாச்சி?"

துளிச் சத்தம்கூட ஆகாது என்று மெஷின் கேட்டு வருகிற தாய்மாருக்கு, தன்னைத் தேடி அழுகிற சத்தம் மட்டும் கொஞ்சம் இருந்தால் தேவலை என்பது எந்தக் கம்பெனிக்காரனுக்கும் இன்னும் தெரியவில்லை போலிருக்கிறது.